தடிப்பு சரியாக இருந்த எண்ணெய்

நம் எண்ணெய் ஆய்வுகூடத்தில் நீங்கள் மூன்று பேர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், பழைய அறிக்கைகளை எடுத்துப் படித்துப் பார்ப்பதாகவும் கேள்விப்பட்டேன். நல்ல பழக்கம். அந்தக் கோப்புகளுக்குள் ஒரு வெள்ளை டர்போ காரின் அறிக்கைகள் இருக்கும். அவற்றில் மூன்றாவதன் அடியில் ‘எல்லா அளவுகளும் எல்லைக்குள் உள்ளன’ என்று எழுதியிருக்கும். கையெழுத்து என்னுடையது. அதைப் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கருவியை எப்படி இயக்குவது, எண்ணெய் மாதிரிப் போத்தலை எப்படிக் குலுக்குவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். எஞ்சினுக்குள் எது தேய்ந்தாலும் அதன் பொடி எண்ணெயில் வந்து சேரும் என்பதும் தெரிந்திருக்கும். இரும்பு கூடினால் சிலிண்டர் பக்கம் பார்க்கவேண்டும். செம்பும் ஈயமும் சேர்ந்து கூடினால் பேரிங். சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து வந்தால் தூசி. சோடியம் வந்தால், எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் தண்ணீர் எண்ணெய்க்குள் கசிகிறதா என்று யோசிக்கவேண்டும். இவ்வளவும் எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் நடந்ததுதான் இது.

பாலாவியில் நம்முடைய ஆய்வுகூடத்துக்கு அந்தக் காலத்தில் வந்தவை பெரும்பாலும் லொறி எண்ணெய். உப்பு ஏற்றும் லொறி, சீமெந்து ஏற்றும் லொறி, இடையிடையே படகு எஞ்சின், ஜெனரேட்டர். உப்பளத்துக்குள் நாள் முழுவதும் நிற்கும் லொறியின் எண்ணெயில் சோடியம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஆகவே சோடியத்துக்கு நாங்கள் வேறு ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் தாராளமான எல்லை வைத்திருந்தோம். அதில் பிழையில்லை. ஆனால் அந்தத் தாராளம் இருபத்தைந்து வருடத்தில் எனக்குக் கண் பழக்கமாகிவிட்டது. சோடியம் என்ற வரியில் என் கண் நிற்பதே இல்லை.

அந்த வெள்ளைக் காரை ஓட்டிய பெண் டெல்ஃபின். முதல் முறை வந்தபோது முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து போட்டிருந்தார். முந்தலில் அவர்கள் குடும்பத்துக்கு இறால் பண்ணை. முப்பது வயதிருக்கும். பண்ணையை அவரும் அவருடைய அண்ணனும் நடத்தினார்கள். வருடத்தில் நாலைந்து தரம் டெல்ஃபின் காரோட்டப் பந்தயங்களுக்குப் போவார். கார் ஜப்பானில் செய்தது, நாலு சிலிண்டர். வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ பூட்டியது. எஞ்சினை முழுக்கக் கழற்றிப் புதிதாகக் கட்டியவர் பாலாவிச் சந்திக்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருந்த நியாஸ். லொறி எஞ்சின்தான் அவருக்குச் சோறு போட்ட வேலை. இந்த ஒரு காரை மட்டும் எட்டு மாதம் எடுத்து, ஒவ்வொரு ஆணியையும் அளந்து பூட்டினார் என்று பிறகு தெரிந்தது.

முதல் மாதிரியில் சிலிக்கன் நிறைய இருந்தது. ‘காற்று வடிகட்டி தூசியை விடுகிறது, மாற்றவும்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் நியாஸ் அந்த வடிகட்டியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர்.

“மிஸ், இதப் பாருங்க. தூசி போற வழி எங்கயாவது இரிக்கா?”

இல்லை. வடிகட்டி புதிதுபோல இருந்தது.

“சிலிக்கன் வந்திருக்கே” என்றேன்.

“எஞ்சின் பூட்டக்குள்ள மூடிகளுக்குப் பசை போட்டன். அது சிலிக்கன் பசைதானே. புது எஞ்சின்ல கொஞ்ச நாளைக்கு அது கரைஞ்சு வரும். தூசியெண்டா அலுமினியமும் சேந்து வரணும். வந்திரிக்கா?”

வரவில்லை. தாளில் தெளிவாக இருந்தது. நான் லொறியைப் படிக்கிற கண்ணால் அதைப் படித்திருந்தேன்.

“நீங்க ஃபோன்ல கோல் எடுத்துக் கேட்டிருந்தா சொல்லியிருப்பன்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. வடிகட்டியைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வேலை சொல்லித் தந்தவர்கள் பலர். அவர்களில் இவர் மட்டும் அதை அறியாமல் செய்தார். அதற்குப் பிறகு அந்தக் காரின் போத்தல் வந்தால் முதலில் நியாஸுக்கு கோல் எடுப்பேன். எஞ்சினில் என்ன செய்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன்.

இரண்டாவது மாதிரியில் செம்பு திடீரென்று ஏறியிருந்தது. கேட்டேன். எண்ணெயைக் குளிரவைக்கப் புது ஒயில் கூலர் பூட்டியதாகச் சொன்னார். புதுக் கூலரின் செம்புக் குழாய் ஆரம்பத்தில் கொஞ்சம் கரையும். ஈயமும் தகரமும் அசையவில்லை என்பதால் பேரிங் இல்லை என்று முடிவெடுத்தேன். ‘ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தோடும் இது குறைந்து வரும்’ என்று என் கையாலேயே எழுதினேன். எண்ணெயும் இருக்கவேண்டியதைவிட மெலிந்திருந்தது. அதற்கும் நியாஸிடம் காரணம் இருந்தது.

“டர்போ பூஸ்ட் கூட்டச் சொன்னாங்க, கூட்டினன். காத்துக் கூடினா பெற்றோலும் கூட விடத்தான் வேணும். கொஞ்சம் எண்ணெய்க்குள்ள இறங்கும்.”

சரியான விளக்கம். எண்ணெயை முன்னரே மாற்றச் சொல்லி எழுதினேன். அந்த அறிக்கையில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. குறை எனக்குள் வேறொரு இடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. ஓர் எண் வரும், நியாஸ் ஒரு காரணம் சொல்வார், அது பொருந்தும். பொருந்தியதும் எனக்குள் கேள்வி நின்றுவிடும். அப்படி இரண்டு தரம் சரியாகப் பொருந்திவிட்டால் மூன்றாம் தரம் கேட்பதே பதிலுக்காக இல்லை, சம்மதத்துக்காக என்றாகிவிடுகிறது.

மூன்றாவது போத்தல் ஒரு வியாழக்கிழமை மதியத்துக்குக் கிட்ட வந்தது. ஞாயிறு பந்தயம், சனி காலை கார் போகவேண்டும். டெல்ஃபின் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தார். “இண்டைக்கே தர ஏலுமா மிஸ்?” என்றார். அன்று கண்டக்குழிப் பக்கம் ஓர் ஐஸ் ஆலையில் ஜெனரேட்டர் எண்ணெய்க்குள் தண்ணீர் போயிருந்தது. இரண்டு நாள் மீன் அங்கே இருந்தது. நான் உடனே அங்கே போகவேண்டும் என்று நம் முகாமையாளர் வாகனத்தை வாசலில் நிறுத்திவைத்திருந்தார். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கார் ஒரு பக்கம், ஐஸ் ஆலை ஒரு பக்கம், வாசலில் யாரோ ஒருவர். அமைதியான நாளில் யாரும் அவசரப் போத்தல் கொண்டுவருவதில்லை.

போத்தலைக் கருவியில் வைத்தேன். செம்பு சென்ற தரம் இருந்த அளவிலேயே இருந்தது. ஈயம் ஒரு துளி கூடியிருந்தது, எல்லைக்குள். சோடியம் கூடியிருந்தது, அதுவும் நமது தாராளமான எல்லைக்குள். எண்ணெயின் தடிப்பு சரியாக இருந்தது. நியாஸுக்கு கோல் எடுத்தேன்.

“கூலர்தான் மிஸ், செம்பு” என்றார்.

“சோடியம்?”

“கார் பண்ணையிலதானே நிக்கிது. அந்தக் காத்தாடி மெசின் நாள் முழுக்க உப்புத் தண்ணிய அடிக்கிது. கண்ணாடியெல்லாம் உப்பு.”

இறால் குளங்களில் தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் இயந்திரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுவும் பொருந்தியது.

“ஒரு நல்ல விசயம்” என்றேன். “எண்ணெய் இந்த முறை மெலியவில்லை. பெற்றோல் கலப்பது குறைந்துவிட்டது.”

“நான் டியூனிங்ல கை வைக்கல்ல மிஸ்” என்றார்.

“அப்போ நல்லதுதானே” என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டியூனிங்கைத் தொடவில்லை என்றால் பெற்றோல் முன்போலவே எண்ணெய்க்குள் இறங்கிக்கொண்டிருக்கவேண்டும். எண்ணெய் முன்போலவே மெலிந்திருக்கவேண்டும். அது ஏன் தடிப்பாக இருக்கிறது என்ற கேள்வியை அந்த மனிதர் என் கையிலேயே தந்தார். கேட்கவில்லை நான். பெற்றோல் கலப்பைத் தனியாக அளக்க அரை மணித்தியாலம் போதும். அதையும் செய்யவில்லை. வெளியே வாகனத்தின் ஹோன் அடித்தது. ‘எல்லா அளவுகளும் எல்லைக்குள் உள்ளன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை டெல்ஃபினிடம் கொடுத்துவிட்டுக் கண்டக்குழிக்குப் போனேன். ஜெனரேட்டரை அன்று மாலைக்குள் சரிசெய்தோம். மீன் தப்பியது.

நியாஸ் திங்கட்கிழமை காலையில் கோல் எடுத்துச் சொன்னார். பந்தயத்தின் பாதியில், நேர்ப்பாதை முடிந்து வளைவுக்கு வேகம் குறைக்கும் இடத்தில், பேரிங் ஒன்று கைவிட்டிருக்கிறது. உள்ளே உடைந்த தண்டு எஞ்சினின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. கொதித்த எண்ணெய் டயர்களில் பட்டு, கார் சுழன்று, ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்ச் சுவரில் மோதியது. டெல்ஃபினுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, இரண்டு விலா எலும்பும். பின்னால் வந்த காரும் அதே எண்ணெயில் வழுக்கிச் சுழன்றது, ஆனால் அதற்குள் இருந்தவருக்கு ஒன்றுமில்லை.

பேரிங் என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். கட்டியவன் பிழையாகக் கட்டிவிட்டான். டெல்ஃபினின் அண்ணன் கராஜுக்கே வந்து, நாலு பேர் நிற்க, “லொறி திருத்துற பாஸ் லொறியோட இருந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே இரண்டு லொறிக்காரர் தங்கள் எஞ்சின்களை வேறு இடத்துக்கு ஏற்றிப் போனார்கள். நியாஸ் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததற்குக் காரணம் பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவரும் அதையே நம்பியிருந்தார்.

அன்று ஒரு போத்தலோடு வந்தார். உடைந்த எஞ்சினின் அடியில் மிஞ்சியிருந்த எண்ணெய்.

“மிஸ், இதப் பாத்து நான் எங்க பிழைச்சன் எண்டு சொல்லுங்க. கிளியரன்ஸ் இடைவெளியெல்லாம் மூணு தரம் அளந்தன். எண்டாலும் எங்கயோ பிழைச்சிருக்கன். அது எனக்குத் தெரியணும். தெரியாம இன்னொரு எஞ்சின்ல கை வைக்க ஏலாது.”

போத்தலை என்னிடம் தந்துவிட்டு, மதியத் தொழுகையான ளுஹரைத் தொழுதுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

ஈயமும் செம்பும் தகரமும் அளவுக்குமேல் இருந்தன. பேரிங் போன எண்ணெயில் அது எதிர்பார்த்ததுதான். சோடியமும் நிறைய இருந்தது. நமது அறிக்கைப் படிவத்தில் பொட்டாசியத்துக்கு வரி கிடையாது, லொறிகளுக்காகச் செய்த படிவம் அது. ஆனால் கருவியின் திரையில் எல்லாத் தனிமங்களும் வரும். அன்று அவசரம் இல்லாததால் திரையைப் பார்த்தேன். பொட்டாசியம் இருந்தது.

கடல் உப்பென்றால் சோடியம்தான் பெரும்பங்கு, பொட்டாசியம் மிகச் சொற்பம். இங்கே இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்தே ஏறியிருந்தன. நியாஸின் கராஜில் பாவிக்கும் கூலன்டின் விபரத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டும் உண்டு. பிறகு கருவியின் நினைவில் இருந்த மூன்றாவது மாதிரியின் பக்கத்தைத் திறந்தேன். அந்த வியாழக்கிழமையே பொட்டாசியம் அங்கே இருந்தது. சிறிய எண்தான். மாதிரிகளை மூன்று மாதம் வைத்திருப்போம் அல்லவா, அந்தப் போத்தலை அலுமாரியிலிருந்து எடுத்துக் கூலன்டுக்கான சோதனையைச் செய்தேன். நிறம் மாறியது, கூலன்ட் இருந்தது.

மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்தது. பெற்றோல் எண்ணெயை மெலியச் செய்யும். கூலன்ட் தடிக்கச் செய்யும். இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கியதால் தடிப்பு புத்தகத்தில் உள்ளதுபோல நின்றது. புதுக் கூலரின் செம்பு குறைந்து வரும் என்று நானே எழுதியிருந்தேன். அது குறையவில்லை, ஏனென்றால் கூலரிலிருந்து வருவது குறைய, பேரிங்கிலிருந்து வருவது கூடிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் எண்ணும் தனியே எல்லைக்குள்தான் இருந்தது. சேர்த்துப் படிப்பதற்குத்தான் அங்கே என்னை வைத்திருந்தார்கள்.

முதலில் முகாமையாளரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆய்வுகூடத்தின் பெயரைக் காப்பது அவருடைய வேலை. தாள்களை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார்.

“எல்லைக்குள் இருந்தது, எல்லைக்குள் என்று எழுதினீங்க. இதில் பிழை எங்கே?”

“படித்ததில்.”

“அந்தக் கராஜ்காரர் இப்போ தந்த போத்தலுக்கு அறிக்கை குடுங்க. பழையதைப் பற்றி அவர் கேட்கவில்லையே.”

கேட்கவில்லை என்பது உண்மை. அந்த மூன்று தாள்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர் பாலாவியில் வேறு யாரும் இல்லை என்பதும் உண்மை. ஓய்வுக்கு எனக்கு நாலு வருடம் இருந்தது. நியாஸ் தொழுகை முடிந்து வந்தபோது, “சோதனை முடியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன்” என்றேன். அது பொய். அவர் “சரி மிஸ்” என்று போனார். நான் தயங்காமல் போய் உண்மையைச் சொன்னேன் என்று இங்கே எழுதிவிடலாம். நீங்கள் தயங்கும் நாள் வரும்போது அது உங்களுக்கு உதவாது.

மறுநாள் நானே கராஜுக்குப் போனேன். ஒரு லொறிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர் எழுந்து எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். நான் உட்காராமல் சொன்னேன். கூலன்ட் கசிந்திருக்கிறது, அது பேரிங்கை அரித்திருக்கிறது, பந்தயத்துக்கு முன்பு வந்த மாதிரியிலேயே அது தெரிந்தது, நான்தான் பார்க்கவில்லை.

“அப்ப பேரிங் நான் பூட்டினது பிழையில்லையா?”

“பிழையில்லை.”

கையைத் துடைக்கத் துணியை எடுத்தவர் துடைக்காமலே அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு, “ஹெட்டக் கழட்டிப் பாப்பம்” என்றார். உடைந்த எஞ்சின் மூலையில் சாக்கு விரித்த இடத்தில் கிடந்தது. யாரும் தலைப்பகுதியைத் திறந்து பார்க்கவில்லை, பேரிங் போனது கண்ணுக்கே தெரிந்ததால் தேவைப்படவில்லை. கழற்றினார். மூன்றாவது சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவில், இடையில் வைக்கும் கேஸ்கட்டில், நகத்தால் கீறியதுபோல ஒரு கருகிய கோடு. பூஸ்ட் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் திறந்து மூடுகிற வழி. கராஜில் நிறுத்திவைத்து எப்படிப் பரிசோதித்தாலும் காட்டியிருக்காது.

நியாஸ் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“பூஸ்ட் கூட்டச் சொன்னது அவங்க. அதே கேஸ்கட்ட வெச்சிக்கொண்டு கூட்டினது நான். பாத்திரிக்க வேண்டியது நீங்க” என்றார்.

அதைவிடச் சரியான அறிக்கையை நான் என் வேலைக்காலத்தில் எழுதியதில்லை.

இருவருமாக முந்தலுக்குப் போனோம். டெல்ஃபின் கையைத் துணியில் தொட்டில்போலக் கட்டிக்கொண்டு பண்ணை அலுவலகத்தில் இருந்தார். அண்ணனும் இருந்தார். நியாஸைக் கண்டதும் அண்ணன் எழும்பினார். நான் தாள்களை மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேஸ்கட்டையும் வைத்தோம்.

“இந்தக் கையெழுத்து நீங்களா போட்டது?” என்று அண்ணன் கேட்டார்.

“ஓம்.”

டெல்ஃபின் மூன்றாவது தாளை மற்றக் கையால் எடுத்தார். “அண்டைக்கே இத நீங்க பாத்திருக்க ஏலுமா மிஸ்?”

“ஓம். ஏலும்.”

அவர் முகத்தில் கோபம் வந்ததைப் பார்த்தேன். அது வரவேண்டிய கோபம், அதனால் நான் பார்வையைத் திருப்பவில்லை. பிறகு அது வேறு எதுவாகவோ மாறியது.

“நான் ரெண்டு தரம் ரேடியேட்டருக்குத் தண்ணி விட்டனான்” என்றார். “பந்தயத்துக்கு முந்தின கிழமைகள்ல. ஒவ்வொரு கோப்பை. வெயிலுக்கு வத்தியிருக்கும் எண்டு நினைச்சன்.”

நியாஸ் நிமிர்ந்து பார்த்தார். “எனக்குச் சொல்லல்லயே தங்கச்சி.”

“நீங்க கேக்கல்ல நானா.” அண்ணன் என்ற முறையில் நியாஸை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

நானும் கேட்கவில்லை. எஞ்சினைக் கட்டியவரிடம் எல்லாம் கேட்டேன். ஓட்டியவரிடம் ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. ஆளுக்கொரு துண்டு எங்கள் மூவரிடமும் இருந்திருக்கிறது.

“சரி மிஸ். இப்ப போங்க. எனக்கு யோசிக்கணும்” என்றார் டெல்ஃபின். போனோம்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் கராஜுக்கு வந்தார். முன்பு நின்ற நாலு பேரில் மூன்று பேர் அன்றும் நின்றார்கள். “பிழை உங்கட இல்ல. நான் கதைச்சது பிழை” என்று சொல்லி, பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். ஏற்றிப் போன லொறி எஞ்சின்களில் ஒன்று திரும்பி வந்தது. மற்றது வரவேயில்லை. மூன்றாவது அறிக்கைக்குத் திருத்தம் எழுதிக் கோப்பில் வைத்தேன். முகாமையாளர் அதில் கையெழுத்துப் போட மறுத்தார், ஆனால் எடுத்துவிடவும் இல்லை. அடுத்த வருடம் எனக்கு வரும் என்று எல்லோரும் சொன்ன பதவி வேறொருவருக்குப் போனது. அது இதனாலா என்று தெரியாது. நான் கேட்கவில்லை. பொட்டாசியத்துக்குப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்.

இத்தோடு நிறுத்தினால் ஒரு தரம் தவறிப் பிறகு தெளிந்தவளின் கதையாக இது முடிந்துவிடும். வேலை அப்படி முடிவதில்லை.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு நியாஸ் அந்தக் காருக்கு வேறு எஞ்சின் கட்டினார். டெல்ஃபின் திரும்பவும் ஓட்டத் தொடங்கினார். ஒரு பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு போத்தல் வந்தது. பொட்டாசியம் இருந்தது, முன்பு உடைந்த எஞ்சினில் கண்டதைவிடக் கூட. தடிப்பு சரி. ஈயம் சரி. சோடியம் குறைவு. கூலன்ட் கசிவென்றால் அது ஒன்றுதான் பொருந்தவில்லை. இருவரிடமும் கேட்டேன். தண்ணீர் விட்டீர்களா, இல்லை. கூலன்ட் மாற்றினீர்களா, இல்லை. புதிதாக எதுவும் பூட்டினீர்களா என்று நியாஸைக் கேட்டேன்.

“டர்போக் காத்தக் குளிராக்குற இன்டர்கூலர் மட்டும். அதுக்குள்ள காத்துத்தான் போகும் மிஸ். எண்ணெயும் தொடாது, தண்ணியும் தொடாது.”

அன்று மாலைக்குள் பதில் சொல்லவேண்டும். எனக்கு ஒரு விளக்கம் கையில் இல்லை. இருந்தது ஓர் எண்ணும் அன்று முறிந்த தோள்பட்டையின் நினைவும். டெல்ஃபினுக்கு கோல் எடுத்து, “ஓட்டவேண்டாம்” என்றேன். ஏன் என்று கேட்டார். “நிச்சயமாகத் தெரியாது. தெரியாதபோது உங்களை அதில் அனுப்ப என்னால் முடியாது” என்றேன். அவர் அந்த வருடம் முழுக்கக் காத்திருந்த பந்தயம் அது. “சரி” என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நியாஸ் எஞ்சினைத் திறந்தார். மாலையில் கோல் வந்தது.

“ஒண்டும் இல்ல மிஸ். கேஸ்கட் சுத்தம். பேரிங் சுத்தம். புதுசு மாதிரி இரிக்கி.”

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் நாலு நாள் எடுத்தது. அலுமினிய இன்டர்கூலரின் தகடுகளை ஒட்டும்போது பாவிக்கும் ஒருவகைப் பொடியில் பொட்டாசியம் உண்டு. புது இன்டர்கூலரில் அது கொஞ்சம் ஒட்டியிருக்கும். காற்றோடு எஞ்சினுக்குள் போய், எண்ணெயில் இறங்கி, சில மாற்றங்களில் தானே குறைந்துவிடும். எஞ்சினுக்கு ஒரு கெடுதியும் இல்லை. நியாஸ் சொல்லத்தான் செய்தார். எண்ணெயைத் தொடாதது என்று நாங்கள் இருவருமே அதைத் தள்ளிவைத்துவிட்டோம்.

டெல்ஃபினுக்கு நானே கோல் எடுத்தேன். பிழை என்னுடையது என்றும், கார் ஓடியிருக்கலாம் என்றும், அவர் இழந்த பந்தயத்தை நான் திருப்பித் தர முடியாது என்றும் சொன்னேன். மறுபக்கத்தில் பண்ணையின் காத்தாடி இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது.

“நானா எஞ்சினத் திருப்பிப் பூட்டுறார்” என்றார் டெல்ஃபின். “பூட்டி முடிஞ்சதும் ஒரு போத்தல் அனுப்புறன்.”

“எனக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“வேற ஆருக்கு மிஸ்?” என்றார்.